சமக்குறிக்கு வலப்பக்கம்

“அப்பாவுக்கு பிபி இருக்கு, ஷுகரும் இருக்கு.” மொழியாக மட்டும் பார்த்தால் இது வேடிக்கையான வாக்கியம். ரத்த அழுத்தம் உயிரோடு இருக்கும் எல்லோருக்கும் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரையும் அப்படித்தான். ஆனாலும் கேட்பவர் யாரும் குழம்புவதில்லை. பிபி என்ற சுருக்கம் தன் விரிவை உதறிவிட்டு ஒரு நோயின் பெயராகவே குடியேறிவிட்டது. மாத்திரை, உப்பைக் குறைப்பது, 140/90 என்ற கோடு என்று அதைச் சுற்றி ஒரு வரையறையையும் வீடுகள் தாங்களே கட்டி வைத்திருக்கின்றன. (2017இல் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் அந்தக் கோட்டை 130/80க்கு இறக்கியபோது பல லட்சம் பேர் படுக்கையை விட்டு எழாமலே நோயாளி ஆனார்கள். அது தனிக்கதை.) என்னைக் கேட்டால் பிபி நல்ல தமிழ்ச்சொல்.

நம் கலைச்சொல் தொகுப்புகளில் இருக்கும் பல மருத்துவச் சொற்களைப் பற்றி இதே உறுதியோடு சொல்ல முடியவில்லை. 1916இல் ராஜாஜியும் நண்பர்களும் சேலத்தில் தொடங்கிய முயற்சியிலிருந்து இன்றைய அரசின் ‘சொற்குவை’ வரை நூறு வருட உழைப்பு இதில் இருக்கிறது. அதைக் கிண்டல் செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. தனித்தமிழா, வடமொழியா, ஒலிபெயர்ப்பா என்ற சண்டையிலும் ஆர்வம் போய்விட்டது. என் புகார் வடிவத்தைப் பற்றியது. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், நடுவில் சமக்குறி, வலப்பக்கம் தமிழ்ச்சொல், அடுத்த வரி. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பெரும்பாலும் எங்கேயும் இருக்காது. ஆங்கிலம் தெரிந்தவருக்கு வலப்பக்கம் தேவையில்லை, தெரியாதவருக்கு வலப்பக்கத்தால் பயனில்லை. சி மொழியில் ஒரு ஃபங்ஷனை டிக்ளேர் மட்டும் பண்ணிவிட்டு டிஃபைன் பண்ணாமல் விட்டால் கம்பைலர் ஒன்றும் சொல்லாது. கடைசியில் லிங்கர்தான் கத்தும். மருத்துவத்தில் அந்தக் கத்தல் அவசரப் பிரிவில் கேட்கிறது.

மிகைப்படுத்தவில்லை. ‘ஸ்ட்ரோக் = பக்கவாதம்’ என்ற வரியை எடுத்துக்கொள்வோம். எல்லாத் தொகுப்பிலும் இருக்கும், எல்லா நாளிதழும் எழுதும். தவறென்று யாரும் சொல்ல முடியாது. பக்கவாதம் என்பது உண்மையில் ஒரு முழு வரையறை: உடம்பின் ஒரு பக்கம், அதில் வாதம். மூன்று தோஷங்களை வைத்து உடலைப் படித்த மருத்துவத்துக்குள் அது காரணத்தையும் விளைவையும் சேர்த்தே சொல்லிவிட்டது. ஆங்கிலச் சொல் இதைவிட எந்த வகையிலும் மேலானதில்லை. ஸ்ட்ரோக் என்றால் அடி. யாரோ அடித்துப் போட்ட மாதிரி ஆள் விழுகிறான், அவ்வளவுதான்.

வித்தியாசம் அதற்குப் பிறகு நடந்தது. ஆங்கிலத்தில் சொல்லை அப்படியே விட்டுவிட்டு அடியில் இருந்த வரையறையை மாற்றிக்கொண்டே வந்தார்கள். 1970களில் உலக சுகாதார நிறுவனம், மூளையின் செயலிழப்பு 24 மணிநேரத்துக்கு மேல் நீடித்தால் ஸ்ட்ரோக் என்றது. 2013இல் அமெரிக்க இதயச் சங்கம் கடிகாரத்தைவிட மூளைத்திசுவின் சேதமே முக்கியம் என்று மாற்றியது. ஸ்கேனில் மட்டும் தெரிகிற சேதமும் கணக்கில் வந்தது. சர்வதேச நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் ரத்த ஓட்ட நோய்களோடு இருந்த ஸ்ட்ரோக், பதினொன்றாம் பதிப்பில் நரம்பு மண்டல நோய்களின் அத்தியாயத்துக்கு வீடு மாறிவிட்டது. வாசலில் பெயர்ப்பலகை அதேதான்.

தமிழில் இது சுலபமாக நடக்காது. நம் சொற்கள் கண்ணாடி மாதிரி, உள்ளே இருப்பது தெரியும். ‘பக்கவாதம்’ என்று கேட்டதும் ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வது கண்ணில் வந்துவிடுகிறது. அப்படி நடக்காவிட்டால் அது பக்கவாதம் இல்லை என்றுதான் தமிழ் காது முடிவு செய்யும். ஆனால் மூளையின் பின்பகுதியில் அடைப்பு வந்தால் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம் மட்டும் இருக்கலாம். வேறொரு இடத்தில் வந்தால் பேச்சு மட்டும் உளறும். “கை காலெல்லாம் நல்லாத்தானே இருக்கு, படுத்து எந்திரிச்சா சரியாயிரும்” என்று வீடு சொல்கிறது. கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்க அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணிநேரம்தான் இருக்கிறது. ஒரு மத்தியானத் தூக்கம் அதில் பாதியைத் தின்றுவிடும்.

இந்த இடத்தில் தொகுப்பு என்ன செய்திருக்கலாம்? புதுச்சொல் தேவையே இல்லை. இரண்டு வாக்கியம் போதும்: மூளையின் ஒரு பகுதிக்குப் போகும் ரத்தக்குழாய் திடீரென அடைபட்டோ வெடித்தோ, அந்தப் பகுதி பார்த்துவந்த வேலை நின்றுபோவது. கை கால் விழலாம், விழாமல் பேச்சோ பார்வையோ நடையோ மட்டும் போகலாம். தமிழைத் தமிழிலேயே விளக்க முடியும் என்று 1992இல் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி காட்டிவிட்டது. அந்தப் பொறுமை துறை அகராதிகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மாரடைப்பிலும் இதே கதை. இதயத் தசைக்குப் போகும் குழாய் அடைபடுவதற்கு அது அருமையான சொல். ஆனால் இதயத்துடிப்பே நின்றுபோவதற்கும் செய்தித்தாள் அதையே எழுதுகிறது. முதலாவதில் ஆள் பெரும்பாலும் நினைவோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டாவதில் ஆள் சரிந்துவிடுவார், அந்த நிமிடமே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். சொல் ஒன்றானதும் செய்யவேண்டிய காரியமும் ஒன்றாகக் கலங்கிவிடுகிறது.

ஆங்கிலச் சுருக்கங்கள் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. மருந்துச் சீட்டில் வரும் எஸ்ஓஎஸ் லத்தீன் தொடர் ஒன்றின் முதலெழுத்துகள், ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்று பொருள். நம் காதில் கப்பல் மூழ்குகிற சத்தம்தான் கேட்கும். டாக்டர்களுக்குள்ளேயே சுருக்கங்கள் ஆளைக் கொல்லக்கூடும். இன்சுலின் அளவில் யூனிட்டைக் குறிக்கும் ஒற்றை ‘யு’ எழுத்தைப் பூஜ்யமாகப் படித்தால் 4 யூனிட் 40 ஆகிவிடும். அதனால்தான் அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன், 2004இல் கொண்டுவந்த பயன்படுத்தக்கூடாத சுருக்கங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. நம்மூர்ச் சீட்டில் எனக்குப் பிடித்தது 1-0-1. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் எழுத்தே தெரியாத பாட்டிக்கும் போதும்.

யாழ்ப்பாணத்தில் 1847இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீனை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. மானிப்பாயில் மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். உடற்கூறு நூலுக்கு ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று பெயர். கேட்டதும் பாதாதிகேசம் ஞாபகம் வருகிறது. அதே மனிதர் வேதியியல் நூலுக்கு ‘கெமிஸ்தம்’ என்று வைத்தார். இந்தக் கூச்சமின்மை எனக்குப் பிடிக்கும். அவருடைய சொற்கள் பல இன்று வழக்கில் இல்லை, உண்மைதான். ஆனால் அவை பட்டியலுக்காகச் செய்யப்பட்டவை இல்லை. பாடத்துக்காகச் செய்யப்பட்டவை. அந்தச் சொற்களைப் படித்த மாணவன் நோயாளியைத் தொட்டுப் பார்த்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் தொகுப்புகள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடுகின்றன, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. நோயாளியோ எதிர்த்திசையில் வருகிறார். “மயக்கமா வருது” என்கிறார். தலை சுற்றுகிறதா, நினைவு தப்பியதா, வெறும் அசதியா? மூன்றுக்கும் தமிழில் அந்த ஒரு சொல்தான், ஆபரேஷனுக்கு முன் போடும் ஊசிக்கும் அதுவே. டாக்டர் திரும்பக் கேட்டால் தப்பித்தோம். கேட்க நேரமில்லாத ஓபியில் என்ன ஆகும்?

“நெஞ்சுல கேஸ் பிடிச்சிருக்கு” என்பதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது? சொல் ஆங்கிலம், பொருள் முழுக்கத் தமிழ். அதைச் சொல்பவருக்குச் சில சமயம் உண்மையிலேயே வயிற்றுப் பிரச்சினை, சில சமயம் மாரடைப்பு. அகராதியைத் திறந்தால் கேஸ் = வளிமம் என்று இருக்கும்.