பத்துப் படம் எழுதுங்கள், அப்புறம் அடித்துத் திருத்துங்கள்

2010 முதல் 2019 வரை வந்த தமிழ்ப் படங்களில் பிடித்த பத்தை வரிசைப்படுத்தச் சொன்னால், கை முதலில் போனைத்தான் தேடும். வேண்டாம். நினைவிலிருந்தே எழுதுங்கள். மரியாதைக்காகப் பாராட்டிய படங்களெல்லாம் அப்போதே கழன்றுகொள்ளும். ஆண்டுக் கணக்குக்குத் தியேட்டருக்கு வந்த தேதி போதும். செழியனின் 'டு லெட்' 2017ஆம் ஆண்டுக்கான தேசிய விருதை வாங்கிய பிறகு, 2019இல்தான் திரைக்கு வந்தது. இதற்கெல்லாம் பஞ்சாயத்து வைத்தால் விடிந்துவிடும்.

பத்தும் எழுதியாச்சா? ருசி இனிமேல்தான். முதலிடம் யாருக்கு என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு படங்களை எடுத்து, இது ஏன் அதற்கு மேலே என்று ஒரு காட்சியைச் சொல்லி வாதாடுங்கள். 'கதை நல்லாருக்கு' என்பது செல்லாது.

எங்கள் கல்லிடைக்குறிச்சிக்காரர்களுக்கு இதில் ஒரு கண்டம் உண்டு: ஊர்ப்பாசம். 'பாபநாசம்' (2015), பஸ் ஏறினால் அரை மணியில் போய் இறங்குகிற ஊர். ஜெயமோகன் வசனம், கமல் வாயில் நெல்லைப் பேச்சு. சினிமா பார்த்தே சூது கற்றுக்கொண்ட சுயம்புலிங்கத்தை எந்த சினிமாப் பைத்தியத்துக்குத்தான் பிடிக்காது! ஆனால் ரகசியம் எங்கே புதைந்திருக்கிறது என்று தெரிந்தபின் மறுபடி பாருங்கள். மலையாள 'த்ருஷ்யம்' கட்டிய வீட்டுக்கு நம்ம ஊர்ச் சுண்ணாம்பு அடித்தது போலிருக்கும். என் பட்டியலில் ஏழாவது. "நம்ம ஊர்ப் படத்தைப் போயி ஏழாவதாப் போட்டிருக்கியேடே" என்று வைகிறவர்கள் வையட்டும்.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) அப்படியல்ல. அதிலும் நெல்லை உண்டு, சட்டக் கல்லூரி உண்டு. ஆனால் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாலும் படம் நிற்கும். கொலையை விபத்துபோல ஜோடித்துவிட்டுச் சாவகாசமாக நடந்துபோகும் அந்தக் கிழவரைக் கவனியுங்கள். கடைசியில் வரும் இரண்டு டீ கிளாஸையும் நடுவிலிருக்கும் பூவையும்.

அதே ஆண்டு வந்த லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'யை இதற்குப் பக்கத்தில் வையுங்கள். தேனிப் பக்கத்து மலையில் சுமை தூக்கும் ரங்கசாமி. அவன் சேர்த்த காசெல்லாம் ஏலக்காய் மூட்டையாகிப் பள்ளத்தில் உருண்டு போகிறது. முடிவில், தன் நிலமாக இருந்த இடத்திலேயே காற்றாலைக்குக் காவல் நிற்கிறான். 'பரியேறும் பெருமாள்' நாயகன் பரி, தோழி ஜோவின் அப்பாவிடம் தன் நியாயத்தை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. இங்கே காற்றாலைகளே போதும். ஒரு மயிரிழைதான் வித்தியாசம். அந்த மயிரிழையைத் தேடுவதற்குத்தான் இத்தனை பாடும்.

நாளைக்கே இடம் மாறலாம், தப்பில்லை. லண்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் பத்துப் படம் கேட்கிறது. முதல் முறை முதலிடம் பிடித்த 'பைசைக்கிள் தீவ்ஸ்' 1972இல் முதல் பத்திலேயே இல்லை.

இன்றைக்கு என் வரிசை: 'மேற்குத் தொடர்ச்சி மலை', 'பரியேறும் பெருமாள்', மூன்றாவது வெற்றிமாறனின் 'விசாரணை', நான்காவது மணிகண்டனின் 'காக்கா முட்டை'. ஆட்சேபம் இருந்தால் ஒரு காட்சியோடு வாருங்கள், பேசுவோம்.