விடியற்காலைப் பால்

மலேசியாவின் பகாவிலும் ரந்தாவிலும் ரப்பர் பால்மரம் வெட்டியவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மர நிரைக்குப் போனது தோட்டத் துரையின் கெடுபிடியால் மட்டுமல்ல. இரவில் இலைகள் அதிகம் நீர் இழப்பதில்லை. வேர் இழுத்த நீர் பட்டைக்குள் நிறைய, பால்குழாய்களில் அழுத்தம் 10 வளிமண்டல அளவுக்கும் ஏறும். கார் டயரில் இருப்பதைப்போல நாலைந்து மடங்கு! உளி பட்டதும் பால் பீறிட்டு, வெட்டுக் கோட்டில் வழிந்து மங்கு என்னும் கிண்ணத்தில் சொட்டும். வெயில் ஏறினால் இலை வழியே நீர் ஆவியாகும், அழுத்தம் இறங்கும், பாலும் சுணங்கும்.

அதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். ஆழமாய்ச் சீவினால் மரம் காயப்படும். மேலாகச் சீவினால் பால் குறையும். உள்ளே ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும், அதுவும் அரையிருட்டில். இதைத் திறன் தேவைப்படாத வேலை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.