குடத்தின் அடிக்கோடு

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் டிராயிங் நோட்டு கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது குடத்தைத்தான். நடுவில் மெல்லியதாக ஒரு செங்குத்துக் கோடு. முதலில் இடப்பக்க வளைவு, பிறகு அதே வளைவு வலப்பக்கம். ஸ்கேல் கூடாது, வெறுங்கைதான். வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு இடப்பக்கம் மணிக்கட்டின் போக்கிலேயே வந்துவிடும். வலப்பக்கத்தில்தான் கை திணறும். கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் இடத்தில் கோடு கொஞ்சம் தயங்கியிருந்தால் எனக்குப் பிடிக்கும். அங்கே அந்தப் பிள்ளை கையை நிறுத்தி, நிமிர்ந்து, குடத்தைப் பார்த்திருக்கிறது. வழவழவென்று ஓடிய கோடு பெரும்பாலும் கரும்பலகையில் மாஸ்டர் போட்டதைப் பார்த்து எழுதிய கோடு.

அதைவிட நான் காத்திருப்பது அடிக்கோட்டுக்கு. குடத்தின் வாயை முட்டை வடிவத்தில் போட ஆறாம் வகுப்பிலேயே கற்றுவிடுகிறார்கள். ஆனால் அடிப்பாகத்தை நேர்கோடாக இழுத்து முடித்துவிடுவார்கள். தரை தட்டை, ஆகவே குடத்தின் அடியும் தட்டை என்று மனசு சொல்கிறது. கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும் குடத்தில் வாய் வளைந்தால் அடியும் வளைய வேண்டும், சொல்லப்போனால் இன்னும் சற்று அதிகமாகவே. ஒன்பதாம் வகுப்பு வாக்கில் ஒருநாள் அந்தக் கோடு தானாக வளைகிறது. தெரிந்ததை வரைந்துகொண்டிருந்த பிள்ளை, தெரிவதை வரையத் தொடங்கிய நாள் அது. திருமங்கலத்துப் பள்ளி நோட்டுகளில் அந்த ஒரு வளைவைப் பார்த்துவிட்டால் மற்றப் பக்கங்களின் குறையெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.

அரசு தொழில்நுட்பத் தேர்வில் ‘லோயர்’, ‘ஹையர்’ எழுதியவர்களுக்கு ஃப்ரீ ஹேண்ட், மாடல் டிராயிங் என்ற பெயர்கள் நினைவிருக்கும். பழைய பாணிப் பாடம்தான். வண்ணத்துக்கும் கற்பனைக்கும் அதில் இடம் போதாது என்ற குறை நியாயமானது. ஆனாலும் கண்ணையும் கையையும் சேர்த்துக் கட்டுவதற்கு அதைவிட நல்ல பயிற்சியை நான் அறியேன்.

அந்த வயதில் கண் வாங்கியது எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு மதுரையே ஒரு சான்று வைத்திருக்கிறது. 1936இல் பிறந்த ஓவியர் மனோகர் தேவதாஸ் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் முடித்து வேறு தொழிலுக்குப் போனவர். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோய் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்துக்கொண்டிருந்தபோதும், லென்ஸ்களின் உதவியோடு தன் இளமைக்கால மதுரையைக் கறுப்பு மையில் வரைந்துகொண்டே இருந்தார். யானைமலையும் கோபுரங்களும் அவர் தாளில் முடியளவு மெல்லிய கோடுகளாலேயே எழுகின்றன. இருட்டு என்பது அங்கே நெருங்கிய கோடுகள், வெயில் என்பது தொடாமல் விட்ட வெள்ளைத்தாள். எங்கே தொடக்கூடாது என்று தெரிந்த கை அது. பள்ளிப் பருவத்து மதுரையைச் சொல்லும் ‘கிரீன் வெல் இயர்ஸ்’ நாவலையும் அவரே எழுதிப் படம் வரைந்தார். 2020இல் பத்மஸ்ரீ. 2022 டிசம்பரில் மறைந்தார்.

இப்போது ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் டிராயிங் பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அடிக்கோடு வளையத் தொடங்கும் அதே வயதில் பென்சிலைப் பிடுங்கிக்கொள்கிறோம். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

பீரியடு கிடைக்காவிட்டால் சனிக்கிழமை இருக்கிறது. திருமங்கலத்திலிருந்து கீழக்குயில்குடி சமணர் மலை தூரமில்லை. எல்லோரும் முதலில் செட்டிப்புடவுக்கு ஏறுவார்கள். அங்கே முக்குடையின் கீழ் அமர்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரர் பார்க்கப் பேரழகு, ஆனால் முதல்முறை வரைய வருபவரை மலைக்க வைத்துவிடுவார். நான் பிள்ளைகளை அதே மலையிலுள்ள பேச்சிப்பள்ளத்துக்குத்தான் அனுப்புவேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாறையில் வரிசையாகச் செதுக்கிய சமணச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து. அவற்றில் பாகுபலியின் காலைச் சுற்றி ஏறும் கொடியை எடுத்துக்கொள்ளட்டும். அட்டை, கிளிப், டூ-பி பென்சில் போதும். ரப்பரை மட்டும் முதல் அரைமணி நேரம் மாஸ்டர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.