முகவரும் எழுத்தாளரும்: ஹொலிவூட்டிற் கறுப்பினத் திரைக்கதையாசிரியர் நிலை

திரைப்பட விமர்சனம் நெறியாளரைப் பற்றியும் நடிகரைப் பற்றியும் விரிவாகப் பேசும். திரைக்கதையாசிரியரைப் பற்றிப் பேச நேர்ந்தால் அவர் எழுதியதைப் பற்றி மட்டுமே பேசும். எழுதியதை அவர் யாரிடம் கொண்டு சென்றார், அதனைப் படித்தவர் யார், படிக்காமலே திருப்பியனுப்பியவர் யார் என்னும் வினாக்கள் கலைக்குப் புறம்பானவையாகவே கருதப்பட்டு வந்துள்ளன. அமெரிக்கக் கறுப்பினத் திரைக்கதையாசிரியரைப் பொறுத்தவரையில் இவ்வினாக்களைத் தவிர்த்துவிட்டு அவர்தம் ஆக்கங்களை மதிப்பிடுதல் இயலாது என்று கருதுகிறோம்.

ஹொலிவூட்டின் உற்பத்தி முறையில் முகவர் வகிக்கும் இடத்தை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பெரிய தயாரிப்பு நிறுவனங்கள், தாம் கேட்டு வாங்காத பிரதிகளைப் பொதுவாகப் படிப்பதில்லை. தமது கதை திருடப்பட்டதென்று பின்னர் எவரேனும் வழக்குத் தொடரலாம் என்னும் அச்சமே இதற்குக் கூறப்படும் காரணம். ஆகவே பிரதி முகவர் வாயிலாகவோ சட்டத்தரணி வாயிலாகவோ செல்லவேண்டியதாகிறது. கலிபோர்னியா மாநிலச் சட்டப்படி கலைஞருக்கு வேலை தேடிக்கொடுப்பது அனுமதிப்பத்திரம் பெற்ற முகவரின் தொழில். வழக்கமான தரகுப் பணம் நூற்றுக்குப் பத்து. முகவரோ, தாம் அறிந்தவர் பரிந்துரைத்தாலன்றிப் புதியவரை ஏற்பது அரிது. வேலை பெற்றவரையே முகவர் நாடுவார். முகவர் உள்ளவருக்கே வேலை கிடைக்கும். இவ்வட்டம் வெள்ளையின இளைஞரையும் அலைக்கழிப்பதுதான். ஆயினும் அவருடைய பல்கலைக்கழகத் தோழரோ உறவினரோ வட்டத்தினுள்ளே இருக்கக்கூடும். பரிந்துரை என்பது நட்பின் வழியாகவும் அயலின் வழியாகவும் செல்வது. நட்பும் அயலும் நிறத்தாற் பிரிக்கப்பட்ட சமுதாயத்தில் பரிந்துரையும் அவ்வாறே பிரிந்து கிடக்கும். எவரும் எவரையும் வெளிப்படையாக வெறுக்கவேண்டிய தேவையின்றியே இவ்விலக்கல் நிறைவேறிவிடுகிறது.

வரலாற்றை நோக்குமிடத்து, இவ்வாயிலை நாடாது சென்றவர்களையே முதலிற் காண்கிறோம். ஒஸ்கார் மிஷோ 1919 ஆம் ஆண்டு தமது நாவலைத் தாமே படமாக்கினார். வாயிலினூடாகச் சென்றவர் அனுபவம் வேறுவகையானது. 1939 இல் வெளிவந்த 'வே டவுன் சவுத்' என்னும் படத்துக்குக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், நடிகர் கிளரன்ஸ் மியூசுடன் சேர்ந்து திரைக்கதை எழுதினார். தோட்டமுதலாளியின் நற்குணமுள்ள மகனை நாயகனாகக் கொண்டு அடிமை வாழ்வைச் சித்திரிக்கும் அப்படம், ஹியூசின் கவிதைகளை அறிந்தவர்க்கு ஏமாற்றமே. லொரேன் ஹான்ஸ்பெரியின் நாடகம் 'எ ரெய்சின் இன் த சன்' 1959 இல் பிரோட்வேயில் வெற்றிபெற்றது. 1961 இற் கொலம்பியா நிறுவனம் அதனைப் படமாக்கியபோது அவரே திரைக்கதை எழுதினார். சிகாகோ நகரில் அக்குடும்பம் எதிர்கொள்ளும் இனச்சுரண்டலை விரிவாகக் காட்டும்பொருட்டு அவர் புதிதாகச் சேர்த்த காட்சிகள் பெரும்பாலும் விலக்கப்பட்டன. முழுமையான பிரதி 1992 இலேயே நூலாயிற்று; ஆசிரியரோ 1965 இல் மறைந்துவிட்டார். வாயில் திறந்தபின்னும் எழுத்தாளர் எதனை உள்ளே கொண்டுசெல்லலாம் என்பது வேறொருவரின் தீர்மானமாகவே இருந்தது.

1972 இல் வெளிவந்த படங்களுக்காக லொன் எல்டரும் சுசான் டி பாஸும் திரைக்கதைக்கான ஒஸ்கார் பரிந்துரையைப் பெற்றனர். கறுப்பினத்தவர் ஒருவர் அவ்விருதை வென்றது 2010 இல் (ஜெப்ரி பிளெச்சர்). தழுவலல்லாத திரைக்கதைக்கு வென்றது 2018 இல் (ஜோர்டன் பீல்). இடைப்பட்ட பல்லாண்டுகளில் திறமை இல்லாதிருந்தது என்று வாதிடுவோர் இன்று அரிது.

1988 இல் லொஸ் ஏஞ்சல்சிற் கறுப்பினத் திரைக்கதையாசிரியர் அமைப்பு தோன்றியது இப்பின்னணியிலேயே. எழுதுவோர் தமக்குள் ஒன்றுகூடி, பரிந்துரைக்கும் உறவினர் இல்லாத குறையை அமைப்பின்மூலம் ஈடுசெய்ய முயன்றமை மனங்கொள்ளத்தக்கது. 2005 இல் பிராங்ளின் லெனார்ட் தொடங்கிய 'பிளாக் லிஸ்ட்' வேறொரு வழி. தயாரிக்கப்படாத நல்ல பிரதிகள் எவையெனத் தொழிலில் உள்ளோரிடமே கேட்டுத் தொகுத்த பட்டியல் அது. 2012 முதல், பணம் செலுத்தும் எவரும் தமது பிரதியை மதிப்பீட்டுக்கு வைக்கவும் அது வழிசெய்தது. அறிமுகமற்றவருக்கு இது பயன்பட்டதென்பதை மறுப்பதற்கில்லை. எனினும், தட்டுவதற்கே கட்டணம் அறவிடும் கதவை முற்றாகத் திறந்த கதவென்று எம்மாற் கூறமுடியவில்லை.

கோர்ட் ஜெபர்சனின் 'அமெரிக்கன் பிக்ஷன்' (2023) இப்பிரச்சினையை நேரடியாகத் தொடுவது. பேர்சிவல் எவரெட்டின் 2001 ஆம் ஆண்டு நாவலைத் தழுவியது. நாயகர் மங் எழுதும் நாவல்கள் போதிய அளவு 'கறுப்பாக' இல்லையெனப் பதிப்பாளர் மறுக்கின்றனர். சினங்கொண்ட அவர் குற்றமும் கொச்சை மொழியும் மலிந்த நையாண்டி நூலொன்றைப் புனைபெயரில் எழுத, அதுவே பெரும் விலைபோகிறது. முகவர் ஆர்தர், ஒரே பெயரில் விற்கப்படும் மூன்று தர விஸ்கிப் போத்தல்களை மேசையில் வைத்துச் சந்தையின் நியாயத்தை விளக்கும் காட்சி படத்தின் உயிர்நாடி. ஆர்தர் கொடியவரல்லர், நண்பரே. நண்பராக இருந்துகொண்டே மலிந்த சரக்கின் பயனை அவர் எடுத்துரைப்பதிற்றான் படத்தின் கூர்மை இருக்கிறது. ஆனால் மங் மருத்துவர் குடும்பத்தவர். முகவரை ஏற்கெனவே பெற்றவர். முகவரே இல்லாதவர் அந்நையாண்டி நூலையும் விற்றிருக்க முடியாது. அவரைப் பற்றிப் படம் மௌனமாயிருப்பதை அதன் வர்க்க எல்லை எனலாம்.

முகவரைப் பெற்றால் எல்லாம் தீரும் என்ற நம்பிக்கையை 2019 ஆம் ஆண்டுப் போராட்டமும் ஐயத்துக்குள்ளாக்கியது. பெரிய முகவர் நிறுவனங்கள் எழுத்தாளரையும் நடிகரையும் தொகுத்துக் கொடுத்து, அதற்கான கட்டணத்தைத் தயாரிப்பாளரிடமிருந்தே பெற்றுவந்தன. எழுத்தாளரின் ஊதியம் உயர்ந்தாலென்ன, தாழ்ந்தாலென்ன, அக்கட்டணம் அவர்களுக்கு உண்டு. எழுத்தாளர் சங்கத்தின் அழைப்பை ஏற்று 7000 இற்கு மேற்பட்டோர் தமது முகவரைக் கைவிட்டனர். 2021 தொடக்கத்திற் பெரிய நிறுவனங்கள் யாவும் இணங்கின. சங்கத்தின் நிலைப்பாடு நியாயமானதே. எனினும் பல்லாண்டு அலைந்து அண்மையிலேயே முகவரைப் பெற்ற கறுப்பின எழுத்தாளர், இருபதாண்டு அனுபவமுடையவருக்கு இணையாக அதே கடிதத்திற் கையொப்பமிட்டபோது கொடுத்த விலை கூடியது.

தொலைக்காட்சியில் முகவரின்றி நுழைவதற்கு நிறுவனங்கள் நடத்தும் பயிற்சித் திட்டங்கள் உண்டு. அவற்றின் வழி வருபவரின் தொடக்கச் சம்பளத்தைப் பெரும்பாலும் தொடரின் செலவுக் கணக்கிலன்றி நிறுவனத்தின் தனி நிதியிலிருந்து கொடுப்பர். தொடர் நடத்துநருக்கு அவர் இலவச எழுத்தாளர். அந்நிதி முடிந்ததும் அவரை உயர்த்திச் சம்பளம் கொடுப்பதைவிட, இன்னொரு இலவச எழுத்தாளரைக் கேட்டுப் பெறுவதே இலாபம். முதற் படியிலேயே ஆண்டுக்கணக்கில் நிறுத்தப்பட்டமை பற்றிப் பலர் முறையிட்டுள்ளனர். அப்படியில் நிற்பவரின் ஊதியத்தில் நூற்றுக்குப் பத்து மிகச் சிறிது. முகவர் அவரது தொலைபேசி அழைப்புக்குப் பதிலளிக்கத் தாமதிப்பதன் காரணமும் அதுவே.