சிக்கனமும் சுதந்திரமும்: புளும்ஹவுஸ் படங்கள்

ஜேசன் பிளம் 2000இல் தொடங்கிய புளும்ஹவுஸ் நிறுவனம் சிறுசெலவுத் திகில் படங்களால் பெயர் பெற்றது. செலவைச் சுருக்கி, இயக்குநருக்குச் சுதந்திரத்தைக் கூட்டுவது அதன் வழி. சுமார் 15,000 டொலரில், இயக்குநரின் சொந்த வீட்டிலேயே உருவான 'பரநோர்மல் அக்டிவிட்டி'யில் அசையாத கமெராவும் தானாக அசையும் கதவும் போதுமாயிருந்தன. அடுத்தடுத்த பாகங்களிலோ அதுவே சலிப்பூட்டும் வாய்பாடாயிற்று. ஆகவே சிக்கனம் மட்டும் கலையாகாது என்பேன்.

ஜோர்டன் பீலின் 'கெட் அவுட்' (2017) அச்சுதந்திரத்தின் உண்மைப் பயனைக் காட்டுகிறது. கறுப்பின இளைஞனை அன்பொழுக வரவேற்கும் வெள்ளையர் வீடே அதில் பேய்வீடு. நிறவெறி இங்கு வசையாக வரவில்லை, பாராட்டாக வருகிறது. 45 இலட்சம் டொலரில் உருவான அப்படம் 2018இல் மூலத் திரைக்கதைக்கான ஒஸ்கார் பெற்றது. பெருமுதல் போட்டவர்கள் இக்கதையைத் தொட்டிருப்பார்களா என்பது எனக்கு ஐயமே.