கணக்கில் உள்ள விளையாட்டு யாருடையது?

"இலவசமாகத்தானே தருகிறார்கள், எடுத்து வைத்தால் என்ன நஷ்டம்?" கம்ப்யூட்டரில் கேம் ஆடுபவர்களிடம், வாரந்தோறும் இலவச விளையாட்டு தரும் எபிக் இணையக் கடையைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் பதில் இது. போட்டிக் கடையான ஸ்டீமின் ரசிகர் சொல்லும் பதில் வேறு: "எபிக்ல ஃப்ரீயா கிடைச்சாலும் நான் ஸ்டீம்லதான் காசு குடுத்து வாங்குவேன். என் லைப்ரரி மொத்தமும் அங்கதான் இருக்கு." இந்த இரண்டு கட்சிக்கும் ஆகவே ஆகாது. ஆனால் இருவரும் ஒரே இடத்தில்தான் தோற்கிறார்கள் என்பது என் நெடுநாள் எண்ணம். நானூறு, ஐநூறு விளையாட்டுகள் அடுக்கிய லைப்ரரியைப் படம் பிடித்துப் பெருமையாகக் காட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது. அந்தப் பெருமைக்கு அடியில் இருப்பது என்ன என்று பார்த்தாக வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2018 டிசம்பரில் எபிக் கடை திறந்தபோது ஸ்டீமை அசைக்கக்கூடிய போட்டி எதுவும் இல்லை. விற்பனையில் ஸ்டீம் வழக்கமாக 30 சதவீதம் எடுத்துக்கொண்டிருந்தது. எபிக் 12 சதவீதம் போதும் என்றது. திறந்த சில நாட்களிலேயே சப்நாட்டிகா என்ற விளையாட்டு இலவசமாக வந்தது. 2020 மே மாதம் ஜிடிஏ 5-ஐக் கொடுத்தபோது கூட்டம் தாங்காமல் கடையே முடங்கியது. பர்மா பஜாரில் கள்ள சிடி வாங்கி ஆடிய தலைமுறைக்குப் பின்னால் வந்த ஒரு மாணவரால், கையில் காசில்லாமலே நேர்வழியில் நல்ல விளையாட்டுகளை ஆட முடிந்தது. அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்டீமும் தன் பங்குக்கு நல்லது செய்திருக்கிறது. வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் வாபஸ் என்ற விதியை 2015-இல் கொண்டுவந்தது. விண்டோஸுக்கென்று செய்த விளையாட்டுகளை லினக்ஸில் ஓட வைத்தது. எபிக்கோ, பல பொருட்களைச் சேர்த்து வாங்க ஒரு கூடை வைக்கவே 2021 டிசம்பர் வரை எடுத்துக்கொண்டது.

இனி, அந்த இலவசத்தை எடுத்து வைக்கும் செயலைக் கிட்டத்தில் பார்ப்போம். இந்திய நேரப்படி வியாழக்கிழமை இரவு எட்டரை மணி. அமெரிக்காவில் குளிர்காலம் என்றால் ஒன்பதரை. எபிக் முகப்பில் பழைய இலவசம் போய்ப் புதியது வருகிறது. பொத்தானை அழுத்தினால் கட்டணப் பக்கம் திறக்கிறது. மொத்த விலைக்கும் தள்ளுபடி கொடுத்து, கட்ட வேண்டிய தொகை பூஜ்யம் என்று காட்டுகிறது. அதன் கீழே சிறிய எழுத்தில், உங்கள் மின்னஞ்சல் முகவரியைத் தயாரிப்பாளருடன் பகிரச் சம்மதமா என்று ஒரு கட்டம். ஆர்டர் போட்டதும் பூஜ்யத் தொகைக்கு ரசீது மின்னஞ்சலில் வந்து சேர்கிறது. ஒரு நிமிட வேலை. பலர் அதற்குப் பிறகு அந்த விளையாட்டை இறக்குவதே இல்லை. காசு கொடுத்து வாங்கியதற்கும் இதே கதிதான்: 2014-இல் ஆர்ஸ் டெக்னிகா இதழ் ஸ்டீம் கணக்குகளை ஆராய்ந்தபோது, அங்கே சேர்ந்திருந்த விளையாட்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை என்று தெரிந்தது.

அந்தப் பூஜ்ய ரசீதுக்குப் பணம் கட்டுவது யார்? ஆப்பிள் மீது எபிக் தொடுத்த வழக்கில் 2021 மே மாதம் வெளிவந்த ஆவணங்கள் இதற்குப் பதில் சொல்லின. கடை திறந்த முதல் ஒன்பது மாதங்களில் 38 விளையாட்டுகளை இலவசமாகத் தர எபிக் செலவிட்டது சுமார் 1 கோடியே 16 லட்சம் டாலர். சப்நாட்டிகாவுக்கு மட்டும் 14 லட்சம். அதனால் கிடைத்த புதுக் கணக்குகள் சுமார் 50 லட்சம். ஒரு கணக்குக்கு இரண்டு டாலருக்குச் சற்று மேல் என்று அந்த ஆவணங்களே கணக்குப் போட்டிருந்தன. ஆகவே அங்கே விற்பனைச் சரக்கு விளையாட்டு அல்ல. எபிக் விலை கொடுத்து வாங்கியது அதை எடுத்துக்கொண்டவரின் கணக்கை.

இந்த வியாபாரம் பலித்ததா என்றால், எபிக்கே ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரங்கள் இருக்கின்றன. 2020 முடிவில் அங்கே 16 கோடிக்கு மேல் பிசி பயனாளர்கள். பிற நிறுவனங்களின் விளையாட்டுகளுக்கு அவர்கள் அந்த ஆண்டு செலவழித்தது 26.5 கோடி டாலர். 2024 முடிவில் பயனாளர்கள் 29.5 கோடியாகிவிட்டார்கள். செலவு 25.5 கோடி டாலராகக் குறைந்திருந்தது. கணக்குகள் இரண்டு மடங்கை நெருங்கிய பிறகும் 2024-இல் வாங்கியது 2020-ஐவிடக் கூடவில்லை. இலவசத்தை வாரம் தவறாமல் எடுத்துக்கொண்டு, காசு செலவழிக்கும் நாளில் ஸ்டீமுக்கே திரும்பிப் போனார்கள் என்றுதான் இதற்குப் பொருள் கொள்ள முடிகிறது.

ஸ்டீம் ரசிகர்கள் இதைத் தங்கள் கடையின் தரத்துக்குச் சான்று என்பார்கள். தரமும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் எபிக்கில் இலவசமாக ஏற்கெனவே வைத்திருக்கும் அதே விளையாட்டை, "எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும்" என்று ஸ்டீம் தள்ளுபடியில் மறுபடி காசு கொடுத்து வாங்குபவர்கள் இருக்கிறார்களே, அவர்களை இழுப்பது தரமா? பத்து, பதினைந்து வருடமாக அங்கே சேர்த்து வைத்ததுதான் அவர்களை இழுக்கிறது. சேர்த்ததை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போக வழியில்லை என்பதால் அங்கேயே மேலும் சேர்க்கிறார்கள். விசுவாசம் என்று அவர்கள் பெருமையாகச் சொல்வதில் பெரும்பகுதி, வெளியேற முடியாத நிலைமைதான்.

என் ஆட்சேபம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. கணக்கில் இருக்கும் விளையாட்டை விற்க முடியாது, தம்பிக்குக் கொடுக்க முடியாது, பிள்ளைகளுக்கு விட்டுப் போக முடியாது. ஸ்டீமின் ஒப்பந்தமே, இவை விற்கப்படுபவை அல்ல, உரிமமாக வழங்கப்படுபவை, கணக்கு மாற்றத்தக்கது அல்ல என்று சொல்கிறது. எபிக்கின் ஒப்பந்தமும் அப்படியே. கலிஃபோர்னியா 2024-இல் ஒரு சட்டம் போட்ட பிறகுதான், பணம் கட்டும் பக்கத்தில் நீங்கள் பெறுவது உரிமம் என்ற பொருளில் ஒரு வரியை ஸ்டீம் எழுதி வைத்தது. 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 விளையாட்டு வந்ததிலிருந்தே இந்தக் கட்டுப்பாடு தொடங்கிவிட்டது. கடையில் டப்பாவோடு சிடி வாங்கியவராலும் ஸ்டீமில் கணக்கு திறக்காமல் அதை ஆட முடியவில்லை. அதுவரை அண்ணன் ஆடி முடித்த சிடி தம்பிக்குப் போகும், தம்பியிடமிருந்து பக்கத்து வீட்டுக்குப் போகும். ஸ்டீமில் வாங்கியதை மறுவிற்பனை செய்யும் உரிமைக்காகப் பிரான்சில் ஒரு நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டு, 2019-இல் பாரிஸ் நீதிமன்றத்தில் வென்றது. 2022-இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்து செய்யப்பட்டது. தங்களுக்காக நடந்த அந்த வழக்கைப் பற்றி ஸ்டீம் விசுவாசிகள் யாரும் என்னிடம் இதுவரை பேசியதில்லை.

"இணையம் இல்லாவிட்டாலும் ஓடுமே" என்பார்கள். ஓடும், அந்தக் கணினியில் ஏற்கெனவே கடைச் செயலியைப் போட்டு, உள்ளே நுழைந்து, விளையாட்டை இறக்கியிருந்தால். விண்டோஸை மறுபடி நிறுவினாலோ கணினியை மாற்றினாலோ கடையின் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். 2024 ஜனவரி 1 அன்று விண்டோஸ் 7, 8 இரண்டுக்கும் ஸ்டீம் ஆதரவை நிறுத்தியது. நம் ஊரில் விண்டோஸ் 7 போட்ட பழைய கணினிகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. 2010-இல் அந்தக் கணினிக்கென்றே காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு இன்றும் அதில் ஓடத் தகுதியானதுதான். அதைத் திறந்துவிடும் செயலிக்குத்தான் இனி உத்தரவாதம் இல்லை. விளையாட்டு கெடவில்லை, கணினி கெடவில்லை. நடுவில் நிற்கும் கடைக்காரர் வேண்டாம் என்று முடிவு செய்தார், அவ்வளவுதான்.

இதைவிட மோசமான உதாரணம் தி க்ரூ. யூபிசாஃப்ட் 2014-இல் வெளியிட்ட கார்ப் பந்தய விளையாட்டு அது. 2016 செப்டம்பரில், நிறுவனத்தின் 30-ஆம் ஆண்டைக் கொண்டாட, பிசிக்கு அதை இலவசமாகவே கொடுத்தார்கள். எத்தனையோ பேர் எடுத்து வைத்தார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வர்கள் நிறுத்தப்பட்டன. தனியாக ஆடுவதற்கும் அந்த சர்வர் தேவை என்பதால் விளையாட்டே நின்றுபோனது. அதோடு விடாமல், வாங்கியவர்களின் உரிமத்தையும் பிறகு ரத்து செய்தார்கள். முழு விலை கொடுத்தவருக்கும் இலவசமாக எடுத்தவருக்கும் கடைசியில் மிஞ்சியது ஒன்றுமில்லை. இலவசமாக வாங்கியவருக்கு நஷ்டமில்லை என்று இங்கேயும் ஒருவர் சொல்லலாம். ஆனால் 'சேர்த்து வைக்கிறேன்' என்றுதானே அவர் சொன்னார்? என்றைக்காவது ஆடலாம் என்றுதானே வாரா வாரம் அந்தப் பொத்தானை அழுத்துகிறார்? அந்த 'என்றைக்காவது' அவர் கையில் இல்லை.

தி க்ரூவுக்குப் பிறகு ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. நல்ல முயற்சி. ஆனால் அந்தக் கோபம் முழுவதும் தயாரிப்பு நிறுவனங்கள் மீதே போனது. கடைகளைப் பார்த்து, விற்றதை ஏன் பூட்டி வைக்கிறாய் என்று யாரும் இதே வேகத்தோடு கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? ஒரு கட்சிக்காரர் வாரம் ஒன்று இலவசமாக வாங்குகிறார், கொடுப்பவரிடம் உரிமை கேட்க அவருக்கு வாய் வராது. இன்னொரு கட்சிக்காரருக்கு, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல் கிட்டத்தட்ட குலதெய்வம். 2019 ஜனவரியில், வெளியாகச் சில வாரங்களே இருந்தபோது மெட்ரோ எக்ஸோடஸ் ஸ்டீமை விட்டு எபிக்குக்குப் போனது. அப்போது ரசிகர்கள் செய்தது என்ன? அதே வரிசையின் பழைய விளையாட்டுகளுக்கு ஸ்டீமில் மோசமான விமர்சனங்களை எழுதிக் குவித்தார்கள். 30 சதவீதம் எடுக்கும் கடைக்காக, விளையாட்டை உருவாக்கியவர்களைத் தண்டித்தார்கள். வாங்குபவரிடம் இருக்கும் ஒரே பலம், வேண்டாம் என்று எழுந்து போவது. இரண்டு கட்சியும் அந்தப் பலத்தைக் கடையிடம் ஒப்படைத்துவிட்டு, எந்தக் கடை நல்ல கடை என்று சண்டை போடுகின்றன.

வேறு வழி இல்லாமலில்லை. ஜி.ஓ.ஜி. என்ற இணையக் கடை 2008-இலிருந்து பூட்டில்லாத விளையாட்டுகளை விற்கிறது. வாங்கிய பிறகு நிறுவல் கோப்பை உங்கள் வட்டிலேயே இறக்கிக்கொள்ளலாம். பெரிய விளையாட்டு என்றால் ஒரு நிறுவியும், கூடவே சில ஜிபி அளவில் துண்டு துண்டாகப் பிரித்த கோப்புகளும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வெளி வட்டில் வைத்தால், செயலியும் வேண்டாம், உள்நுழைவும் வேண்டாம், நாளை கடையே மூடினாலும் நிறுவலாம். ஒப்பந்தப்படி அதுவும் உரிமம்தான். புதிய பெரிய விளையாட்டுகள் பல அங்கே வருவதில்லை. வட்டுக்குத் தனியாகச் செலவாகும். எபிக்கிலும் ஸ்டீமிலும்கூடக் கடைச் செயலி இல்லாமலே ஓடும் விளையாட்டுகள் சில இருக்கின்றன, ஆனால் எது அப்படி ஓடும் என்று கடையில் எங்கும் எழுதி வைப்பதில்லை. தேடிப் பிடிப்பது நம் வேலை.

இலவசத்தை எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இன்றிரவே ஆடப் போகிறீர்கள் என்றால் தாராளமாக எடுங்கள், ஆடி முடியுங்கள். சேர்ப்பதற்காக எடுக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கும்போது அதே விளையாட்டு பூட்டில்லாமல் வேறு கடையில் கிடைக்கிறதா என்று ஒருமுறை தேடுங்கள், லைப்ரரி இரண்டு இடத்தில் சிதறிப் போகிறதே என்று தயங்காதீர்கள். ஏற்கெனவே ஜி.ஓ.ஜி.யில் வாங்கி வைத்திருப்பவர்கள் பலர் அந்தக் கோப்புகளை இன்னும் இறக்கவே இல்லை. இந்த வாரம் இறக்கி வையுங்கள்.