டார்க்டேபிளும் வெளிச்ச வேறுபாடு மிகுந்த படங்களும்

ஒரு காட்சியின் மிக இருண்ட பகுதிக்கும் மிக வெளிச்சமான பகுதிக்கும் உள்ள விகிதமே டைனமிக் ரேஞ்ச் எனப்படுகிறது. ஒளி இரட்டிப்பாகும் ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப் ஆகும். நண்பகலில் சன்னலோரம் அமர்ந்திருப்பவரை அறைக்குள்ளிருந்து எடுக்கும் படத்தில் இந்த வீச்சு 10 ஸ்டாப்புகளை எளிதில் தாண்டிவிடுவதால், முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் வானம் வெளுத்தும், வானத்துக்கு வைத்தால் முகம் இருண்டும் போகிறது. திறந்த மூலநிரலாக, கட்டணமின்றிக் கிடைக்கும் டார்க்டேபிள் என்னும் படத்திருத்த மென்பொருளுக்கு இத்தகைய படமே தக்க உரைகல்.

வானத்தைக் காப்பாற்றும்படி சற்று இருட்டாக, ரா கோப்பாக எடுத்த படமே இதற்கு ஏற்றது. கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 16,384 அளவுகள் இருக்க, ஜேபெக்கில் 256 மட்டுமே உள்ளன. ஆனால் ரா கோப்பிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் நிரம்பி வழிந்த இடத்தில் விவரம் எந்த மென்பொருளாலும் மீளாது.

டார்க்டேபிளின் உண்மையான வலிமை, 2019 இறுதியில் வெளிவந்த 3.0 பதிப்பில் சேர்க்கப்பட்ட டோன் ஈக்வலைசரில் இருக்கிறது. படத்தை வெளிச்ச அடுக்குகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியே கூட்டவும் குறைக்கவும் இடமளிக்கும் இக்கருவியில், கர்சரை நிழல் படிந்த கன்னத்தின் மீது வைத்து மவுஸ் சக்கரத்தை உருட்டினாலே அந்த வெளிச்ச அளவில் உள்ள பகுதிகள் மேலெழுகின்றன. ஆனால் எந்தப் பகுதி எந்த அடுக்கைச் சேரும் என்பதைத் தீர்மானிக்கும் மாஸ்க்கை முதலில் சரிசெய்யாமல் நிழலை இரண்டு ஸ்டாப் உயர்த்தினால், சன்னல் கம்பிகளைச் சுற்றி ஹேலோ எனப்படும் வெளிறிய விளிம்பு தோன்றிப் படத்தின் இயல்பு கெடுகிறது. புதியவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். இதன்பின் முழு வீச்சையும் திரைக்குள் அடக்கும் பணியை, 2022இல் 4.2 பதிப்புடன் வந்த சிக்மாய்டு மாட்யூல் அதே பணிக்கான பழைய ஃபில்மிக் மாட்யூலைவிடக் குறைந்த ஸ்லைடர்களோடு செய்துவிடுகிறது.

இவ்வாறு திருத்திய படத்தைப் பிறரிடம் காட்டும்போது ஜேபெக்கை மட்டும் அனுப்பினால், செல்பேசித் திரையின் பிரகாசத்தைப் பொறுத்து ஒருவர் இருட்டு என்பதை மற்றொருவர் வெளிச்சம் என்பார். மூலப் படத்தைத் தொடாமல், செய்த மாற்றங்களை எக்ஸ்எம்பி என்னும் சிறு துணைக்கோப்பில் டார்க்டேபிள் எழுதிவைப்பதால், ரா கோப்புடன் அதையும் சேர்த்து அனுப்பினால், கருத்துச் சொல்பவர் ஒவ்வொரு படியையும் வரிசையாகத் திறந்து பார்த்து, ஹேலோ எந்தக் கருவியால் வந்தது என்பதையே சுட்டிக்காட்ட முடிகிறது. “எப்படி இருக்கிறது?” என்ற பொதுக் கேள்வியைவிட, “முகத்தின் நிழல் செயற்கையாக உயர்ந்திருக்கிறதா?” என்ற குறிப்பான கேள்வியை இணைத்தால் பதிலும் கூர்மையாக வரும். ஒரே தடை, பெறுபவரின் கணினியிலும் டார்க்டேபிளின் அதே பதிப்போ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும் என்பதுதான்.